மார்கழிக் குளிருக்கும் சங்கராந்தி லீவுக்கும் பயனுள்ள குறிப்புகள்

தோழிகளே, ஹைதராபாத்தில் குஷாய்குடா, ஈ.சி.ஐ.எல்., என்.எஃப்.சி. பக்கம் குடியிருக்கும் நமக்குச் சென்னை மார்கழிப் பழக்கம் போதாது. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், காற்றில் ஈரப்பசை குறைவு, விடியற்காலையில் 14, 15 டிகிரி சர்வசாதாரணம். 1946 ஜனவரி 8 அன்று 6.1 டிகிரி வரைக்கும் இறங்கியிருக்கிறது. கைக்காசு கரையாமல் உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்ள இதோ சில வழிகள்.

1. குளிர் மாசங்களில் வெயிலை விட்டுவிடாதீர்கள். பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது, குழந்தைக்குத் தலை வாருவது எல்லாவற்றையும் காலை பத்து மணிக்கு மேல் மொட்டை மாடிக்கு மாற்றிவிடுங்கள். வேலையும் முடியும், வைட்டமின் டி-யும் கிடைக்கும், பக்கத்து வீட்டாரோடு நாலு வார்த்தை பேசின மாதிரியும் ஆச்சு.

2. காப்ரா ஏரிப் பக்கம் வாக்கிங் போகிறவர்கள் நன்றாக விடிந்தபின் கிளம்புங்கள். குளிர்ந்த காற்று வண்டிப் புகையையும் குப்பை எரிக்கும் புகையையும் தரையோடு பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறினால்தான் அது கலையும். பி.பி., ஆஸ்துமா இருக்கும் பெரியவர்களுக்கு இது மிக முக்கியம்.

3. பதினைந்து லிட்டர், 2000 வாட் கீசருக்குக் கால் மணி நேரம் போதும், அரை யூனிட்டில் வேலை முடிந்துவிடும். வீட்டில் எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்தால் இன்னும் மிச்சம்.

4. கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் குளியலறை ஜன்னலைக் குளிருக்குப் பயந்து அடைக்கவே கூடாது. அதேபோல மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது; தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள், அது போதும்.

5. குளித்துத் துவட்டியதும், ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினால் விலை உயர்ந்த கிரீம் தேவைப்படாது. எண்ணெயை அகல வாய் பாட்டிலுக்கு மாற்றி, குளிக்கும்போது வெந்நீர் மக்கில் நிறுத்தி வையுங்கள். வெளியே வரும்போது இளகியிருக்கும்.

6. குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். காலையிலேயே சீரக வெந்நீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். மூக்கடைப்புக்கும் வெறும் வெந்நீர் ஆவி போதும். சின்னக் குழந்தைகள் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

7. மாவு புளிக்கவில்லை என்று ராத்திரி பதினொரு மணி வரை விழித்திருக்காதீர்கள். மதியமே அரைத்து, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து, பழைய ஸ்வெட்டரைச் சுற்றிவிடுங்கள். தயிருக்கும் பாலை ஹாட்பாக்ஸில் உறை ஊற்றுங்கள். விருந்தாளி வரும் வாரத்தில் உங்கள் தூக்கம் இரண்டு மணி நேரம் கூடும்.

8. ரைத்து பஜாரில் பச்சைப் பட்டாணி, வெந்தயக்கீரை, கேரட் எல்லாம் மலிகிற நேரம் இது. நெல்லிக்காயும் வாங்கி, நறுக்கி உப்பு போட்டுக் காய வைத்தால் கோடை வரை வரும்.

9. சங்கராந்திப் பலகாரத்தை எல்லாம் நாமே செய்ய வேண்டாம். அரைப்படி முறுக்கு சுட்டு, தெலுங்கு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தால் எள்ளும் ஓமமும் போட்ட சகினாலு நம் வீட்டுக்கு வரும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் நேரமும் குறையும், உறவும் வளரும்.

10. பண்டிகைச் செலவுக்கு ஒரு தொகையைக் கவரில் போட்டுவிடுங்கள். கவர் காலியானால் கடை வேண்டாம். ஜனவரிக் கடைசியில் வரும் மனக்கவலையில் பாதி டிசம்பரில் அள்ளி விட்ட பணம்தான்.

11. பட்டம் விடும் பிள்ளைகளுக்கு வெறும் பருத்தி நூலே வாங்கிக் கொடுங்கள். நைலான் மாஞ்சாவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்துவிட்டது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி வேண்டவே வேண்டாம். டூவீலரில் போகிற பெரியவர்கள் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொள்ளுங்கள். குளிருக்கும் ஆச்சு, குறுக்கே தொங்கும் மாஞ்சாவுக்கும் ஆச்சு.

12. லீவில் எங்கே போவது என்று திணறாதீர்கள். 1938-இல் தொடங்கிய நுமாயிஷ் பொருட்காட்சி, நாம்பள்ளியில் ஜனவரி முதல் தேதியிலிருந்து பிப்ரவரி நடு வரை வழக்கமாக நடக்கும். வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வார நாளில் மெட்ரோவில் போனால் நல்ல நடைப்பயிற்சி, பார்க்கிங் தொல்லையும் இல்லை.

13. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் 60 நாள் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டால் கடைசி நேரப் பதற்றம் இல்லை. 2025 ஜனவரியில் செர்லபல்லி ரயில் முனையம் திறந்ததால் நமக்கு செகந்திராபாத் ஆட்டோ செலவும் குறைய வழியுண்டு. அங்கிருந்து கிளம்பும் வண்டியை முதலில் பாருங்கள்.

14. ஊருக்குப் போக முடியாதவர்களை, முக்கியமாகப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தம்பதிகளை, பொங்கலன்று இலை போட்டுக் கூப்பிடுங்கள். "வாங்கோ" என்று மட்டும் சொன்னால் வரமாட்டார்கள். "வடைக்கு மாவு அரைச்சுத் தாங்க மாமி" என்று ஒரு வேலை கொடுங்கள், உரிமையோடு வருவார்கள்.

15. விருந்தாளிகள் கிளம்பியபின் வீடு வெறிச்சென்று இருப்பதும், பொழுது சீக்கிரம் சாய்வதால் மனசு சோர்வதும் சகஜம். சாயங்கால விளக்கைச் சீக்கிரமே போட்டு, ஒருவருக்காவது போன் பண்ணிப் பேசுங்கள். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரம் தாண்டினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். இது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, இரவும் பகலும் இலவசம், தமிழிலும் பேசலாம். எண்ணை இன்றைக்கே ஃபிரிட்ஜ் கதவில், கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.