பூனை உணர்த்த வருவது என்ன? வீட்டில் சிறுநீர் நாற்றமும் மணல் பெட்டியும்

பெங்களூரு ஈஜிபுராவின் குறுகிய தெருக்களில் மூன்று, நான்கு மாடிகளாக எழுந்து நிற்கும் வாடகைக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஒரு படுக்கையறை, சிறிய கூடம், துணி துவைக்கும் இயந்திரம் வைக்க ஒரு மூலை: இவ்வளவுதான் இடம். அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளாக மணல் பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்திவந்த கடுவன் பூனை, ஒரு வாரமாகக் காலணி அலமாரியின் அருகிலும் படுக்கை விரிப்பின்மீதும் சிறுநீர் கழிக்கிறது. வீட்டார் பினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள்; ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். நாற்றம் அடங்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்படும் வீட்டு உரிமையாளர் முகம் சுளிக்கிறார். காலி செய்யும் நாளில் முன்பணத்தில் பெரும்பகுதி கழிக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். பூனையை எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்ற எண்ணம் மறுபுறம்.

அம்முடிவுக்கு வருமுன் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். பூனை பழிவாங்குவதற்காகக் கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதில்லை. உடலில் நோவு, பெட்டியின்மீது வெறுப்பு, மனத்தில் கலக்கம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தனக்குத் தெரிந்த வழியில் அது உணர்த்துகிறது. ஆகவே முதலில் உடல்நலம், அடுத்து மணல் பெட்டி, அதன்பின் கறை நீக்கம் என்ற வரிசையில் செயல்பட வேண்டும். பலர் மூன்றாவதிலிருந்து தொடங்குவதால்தான் தோல்வி அடைகிறார்கள்.

நாற்றத்தின் தோற்றம்

வீட்டுப்பூனையின் மூதாதை, வறண்ட நிலங்களில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. குறைந்த நீரைக் கொண்டு வாழப் பழகிய இனமாதலால் பூனையின் சிறுநீர் மிகவும் செறிவானது. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் அமோனியாவாகச் சிதைக்கின்றன. மேலும், கந்தகம் கொண்ட ஃபெலினின் என்னும் அமினோ அமிலமும் பூனையின் சிறுநீரில் உண்டு. அது சிதையும்போதுதான் பூனைக்கே உரிய அந்தக் காட்டமான வாடை எழுகிறது. ஃபெலினின் உருவாவதற்குக் காக்சின் என்னும் புரதம் துணைநிற்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் விளக்கினர். கருத்தடை செய்யப்படாத கடுவன்களிடம் ஃபெலினின் மிகுதியாக இருக்கிறது. அவற்றின் சிறுநீர் கூடுதலாக நாறுவதற்கு இதுவே காரணம். நாட்கள் செல்லச் செல்ல இச்சிதைவு தொடர்வதால், காய்ந்த கறை மறுநாள் முன்னினும் கடுமையாக நாறுகிறது.

முதலில் கால்நடை மருத்துவர்

பூனை அடிக்கடி பெட்டிக்குச் சென்று முக்குகிறதா? சொட்டுச் சொட்டாகக் கழிக்கிறதா? கத்துகிறதா? பிறப்புறுப்பை ஓயாமல் நக்குகிறதா? சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா? இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காலம் தாழ்த்தலாகாது. கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகலானது. அது அடைபட்டால் உடலில் நச்சுப்பொருள்கள் தேங்கி, ஓரிரு நாள்களிலேயே உயிர் போக நேரிடும். சிறுநீரே வராத கடுவனை அன்றைய தினமே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஹெப்பாளில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவமனை உண்டு. வயது முதிர்ந்த பூனைகளில் சிறுநீரக நோயும் நீரிழிவும் இதே தொல்லையைத் தரலாம்.

நோவு தணியட்டும் என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுப்பது பெருந்தவறு. மனிதருக்கான ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

பூனை எப்படிக் கழிக்கிறது என்பதையும் கவனியுங்கள். குந்தி அமர்ந்து தரையில் கழிப்பது வேறு. நின்றபடி வாலை நிமிர்த்தி நடுக்கிச் சுவரில் பீய்ச்சுவது வேறு. பின்னது எல்லையைக் குறிக்கும் செயல். கருத்தடை அறுவை செய்தபின் பத்துக் கடுவன்களில் ஏறத்தாழ ஒன்பதில் இப்பழக்கம் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது.

மணல் பெட்டியைச் சீர்படுத்துதல்

1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், அண்டை வீட்டுப் பெண்மணி மணல் கேட்டபோது உறிஞ்சும் தன்மையுள்ள களிமண் துகள்களைக் கொடுத்தார். இன்று உலகெங்கும் விற்கப்படும் பூனை மணலின் தொடக்கம் அதுவே. இப்போது கிடைக்கும் கட்டியாகும் மணல் பெரும்பாலும் பென்டோனைட் களிமண்ணால் ஆனது. அக்களிமண் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் வெட்டியெடுக்கப்படுகிறது.

பூனைகள் பெரும்பாலும் நுண்ணிய, மணமற்ற மணலையே விரும்புகின்றன. மல்லிகை மணம் நமக்கு இனிமை. பூனைக்கு அது தொல்லை. பெட்டியின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். கடையில் கிடைக்கும் சிறு தட்டைவிட, ஒரு பக்கம் தாழ்வாக வெட்டப்பட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டி மேலானது, செலவும் குறைவு. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருப்பது நன்று.

சிறிய வீடுகளில் பெட்டியைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் அருகில் வைப்பதே வழக்கம். இயந்திரம் அதிர்ந்து சுழலும் வேளையில் பூனை ஒருமுறை மிரண்டால் போதும். மீண்டும் அங்கே போகாது. உணவுத் தட்டுக்கு அருகிலும் பெட்டி இருத்தலாகாது. அமைதியான, தப்பிச்செல்ல வழியுள்ள மூலையே தக்க இடம். தெருவில் நடக்கும் கட்டுமான ஓசை, புதிய விருந்தினர், சன்னலுக்கு வெளியே வந்து அமரும் தெருப்பூனை ஆகியவையும் மனக்கலக்கம் தரும். சன்னலின் கீழ்ப்பகுதியைத் திரையிட்டு மறைப்பதே சில வீடுகளில் போதுமான தீர்வாகிவிடும்.

நாள்தோறும் இருமுறை கட்டிகளை அள்ளிவிட வேண்டும். இதில் மனிதர் நலமும் அடங்கியுள்ளது. பூனையின் மலத்தில் வெளியேறக்கூடிய டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி, தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். நாள்தோறும் அள்ளினால் அவ்வாய்ப்பு குறையும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது நலம். அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். களிமண் உப்பிக் குழாயை அடைத்துவிடும். காகிதத்தில் சுற்றி, மக்கும் குப்பையோடு சேர்க்காமல் தனியே கொடுத்துவிடுங்கள்.

கறையை நீக்கும் முறை

ஈரம் காயுமுன் பழைய பருத்தித் துணியை அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பின்னர் குளிர்ந்த நீரால் ஒற்றி, நொதி கலந்த துப்புரவு நீர்மத்தைத் தாராளமாக ஊற்றுங்கள். மெத்தையில் சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் நீர்மமும் இறங்க வேண்டும். உறையில் குறிப்பிட்ட நேரம் ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள். பழைய கறைக்கு இருமுறை, மும்முறை செய்ய நேரலாம். இருட்டில் புற ஊதா டார்ச் விளக்கை அடித்தால் மறைந்திருக்கும் கறைகள் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. அமோனியா கலந்த துப்புரவுப் பொருள் சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் பூனையை மீண்டும் அங்கேயே அழைக்கும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அமோனியாவுடன் சேர்ந்தால் நச்சு வாயு எழும். பினாயில் பூனைக்கே நஞ்சு. ஈரத்தில் நடந்த பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் செல்கிறது. வினிகர் பளிங்கு, மொசைக் தரைகளை அரிக்கும். ஊதுவத்தி நாற்றத்தை மறைக்குமே அன்றிப் போக்காது.

முன்பணமும் அண்டை வீடும்

குடிபுகும் நாளிலேயே தரை, சுவர், கதவு ஆகியவற்றைப் படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவையுங்கள். பூனை வளர்ப்பதையும், எவ்வகைச் சேதத்திற்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பதையும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது பிற்காலப் பிணக்கைத் தவிர்க்கும். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்கு முற்றாகத் தடை விதிக்கலாகாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆயினும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை நேராமல் காப்பது நம் கடமையே. மருத்துவச் செலவு முன்னறிவிப்பின்றி வருவது. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்துவந்தால், அடைப்பு ஏற்பட்ட இரவில் பணத்தை எண்ணித் தயங்க வேண்டியிராது.

நாம் தொடக்கத்தில் கண்ட வீட்டிற்கே திரும்புவோம். அக்குடும்பம் முதலில் செய்ய வேண்டியது பினாயில் புட்டியை மூடிவைத்துப் பூனையை மருத்துவரிடம் கொண்டுசெல்வது. நோய் இல்லையெனில் பெட்டியை இயந்திரத்தின் அருகிலிருந்து நகர்த்துவது. அதன்பின் கறைகளை ஒவ்வொன்றாக நொதி நீர்மத்தால் நீக்குவது. இம்மூன்றையும் இவ்வரிசையில் செய்தால் வீட்டையும் முன்பணத்தையும் காக்க இயலும். வாயில்லா ஓர் உயிர் தெருவில் விடப்படாமலும் இருக்கும்.