காயத்திற்கும் ஒரு கணக்கு உண்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

முன்னுரை

"தப்பு என்னோடதுதான். முதலாளி என்ன செய்வார், பாவம்!"

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் என் தந்தையார் சொன்ன சொற்கள் இவை. ஆறு பேர் வேலை பார்க்கும் ஓர் இரும்புப் பட்டறையில், பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டும்போது அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் முழுவதும் போயிற்று. முதலாளி ரூ.8,000 கொடுத்து, 'இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் இடக்கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார். அன்று நான் பிளஸ் டூ மாணவன். எங்கள் வீட்டில் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆயினும் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. பின்னர் நான் கற்றறிந்ததைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரிமையா? தயவா?

நம் நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேரும் விபத்திற்கு முதலாளியே பொறுப்பு என்பது அதன் அடிப்படை. தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பதால் மட்டும் இழப்பீடு மறுக்கப்படுவதில்லை. குடிபோதை, பாதுகாப்புக்கான கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய மூன்றே விலக்குகள். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அவையும் செல்லா.

அப்படியானால் அந்தக் கைரேகை? உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அச்சட்டமே கூறுகிறது. இதை அறிந்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கணக்கிடும் முறை

கணித மாணவனாகிய என்னைக் கவர்ந்த பகுதி இது. நிரந்தர முழு ஊனத்திற்கு, மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். மரணத்திற்கு 50 விழுக்காடு. வயது ஏற ஏறக் காரணி குறையும்: 20 வயதுக்கு 224.00, 45 வயதுக்கு 169.44. உறுப்பிழப்புக்குத் தனி அட்டவணை உண்டு. பெருவிரல் 30 விழுக்காடு, சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, சிறுவிரல் 7.

விபத்தின்போது தந்தையாரின் வயது 45, சம்பளம் ரூ.12,000. அதில் 60 விழுக்காடு ரூ.7,200. இதை 169.44ஆல் பெருக்க ரூ.12,19,968. இதில் 14 விழுக்காடு ரூ.1,70,795. மருத்துவச் செலவு இதற்குப் புறம்பானது. ஒரு மாதத்திற்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் உண்டு. எட்டாயிரம் எங்கே, இது எங்கே!

செய்ய வேண்டுவன

விபத்தை உடனே எழுத்து மூலம் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், சிகிச்சைச் சீட்டுகள், மருத்துவரின் ஊனச் சான்றிதழ், வயதுச் சான்று, சம்பள ஆதாரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். சம்பளச் சீட்டு இல்லையெனில் உடன் வேலை செய்தவரின் சாட்சியம் உதவும். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிற்சாலையாயின் அத்திட்டத்தின் வழியே உதவி பெற வேண்டும். வழக்கறிஞர் வைக்க இயலாதோர்க்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

பழைய சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. மேற்கூறிய அடிப்படைகள் அதிலும் தொடர்கின்றன.

முடிவுரை

"சோறு போட்டவர் மேல கேஸா?" என்று தந்தையார் பல மாதம் மறுத்தார். கணக்கை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இது பிச்சை இல்லையே?" என்று மட்டும் கேட்டார். "இல்லைப்பா, உங்க கூலி மாதிரிதான்" என்றேன். 2025 ஏப்ரலில், கெடு முடிய இரண்டே மாதங்கள் இருக்கையில், மனுச் செய்தோம். விசாரணை நடந்துவருகிறது.

நண்பர்களே! நம்மில் பலர் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். நம் பெற்றோர் கைரேகை வைக்கும் முன் அந்தத் தாளை வாங்கிப் படிப்போம். நாம் கற்ற கல்வியின் முதற்பயன் அதுவாக இருக்கட்டும்.