வழுக்காத விரிப்பு எது?

2015ஆம் ஆண்டு முதல் ஜூன் 21ஆம் நாள் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுவதை அறிவீர்கள். பள்ளிக் கூடத்தின் பளபளப்பான தரையில் ஆசனம் செய்து, கால் வழுக்கியவர்களும் உங்களுள் இருக்கக்கூடும். தொடைத் தசை பிடித்துக்கொள்ளவும் மணிக்கட்டு சுளுக்கவும் ஒரு வழுக்கல் போதும். விரிப்பு வாங்கும்போது நாம் நிறத்தைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியதோ உராய்வுக் குணகத்தை.

திரிகோணாசனத்தை எடுத்துக்கொள்வோம். கால்களை அகட்டி நிற்கிறீர்கள். பாதங்களுக்கு இடையேயுள்ள தூரம் காலின் நீளத்திற்குச் சமம் என்க. இரு கால்களும் தரையும் சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகின்றன. எனவே ஒவ்வொரு காலும் செங்குத்துக் கோட்டிலிருந்து 30° சாய்ந்திருக்கும். கால் வழியே தரையை அழுத்தும் விசையைக் கூறுகளாகப் பிரித்தால், கிடைக்கூறுக்கும் செங்குத்துக்கூறுக்கும் உள்ள விகிதம் டேன் 30°, அதாவது ஏறக்குறைய 0.58. உராய்வுக் குணகம் இதற்குக் குறைந்தால் பாதம் வெளிப்புறமாக நழுவும். இக்கணக்கில் உடல் எடை வகுபட்டு மறைந்துவிடுவதைக் கவனியுங்கள். ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் வேண்டிய குணகம் ஒன்றே!

ஆனால் கால் என்பது வெறும் கோல் அன்று. உட்தொடைத் தசைகள் கால்களை உள்நோக்கி இழுத்துப் பிடித்து உராய்வின் வேலையில் ஒரு பங்கை ஏற்கின்றன. வழுக்கும் தரையில் நின்றால் தொடை விரைவில் வலிப்பது இதனால்தான்.

இங்கு உராய்வு இரண்டு இடங்களில் நிகழ்கிறது. ஒன்று, பாதத்திற்கும் விரிப்புக்கும் இடையே. மற்றொன்று, விரிப்புக்கும் தரைக்கும் இடையே. இரண்டில் எது குறைவோ அதுவே வழுக்கலைத் தீர்மானிக்கும். பவானி ஜமக்காளத்தில் பாதம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் டைல்ஸ் தரையில் ஜமக்காளமே நம்மோடு நகர்ந்துவிடும். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் இத்தொல்லை குறைவு. கடை உறையில் ‘வழுக்காதது’ என்று அச்சிட்டிருக்கலாம். எந்தத் தரையில் என்று அதில் இராது!

நீங்களே சோதித்துப் பாருங்கள். 60 செ.மீ. நீளமுள்ள டைல்ஸ் ஒன்றின் மேல் விரிப்பின் சிறு துண்டை அடிப்புறம் கீழாக வைத்து, அதன்மேல் ஒரு புத்தகத்தை நூலால் கட்டுங்கள். டைல்ஸின் ஒரு முனையை மெல்ல 30 செ.மீ. உயர்த்துங்கள். இப்போது சாய்வு 30°. துண்டு நழுவாவிட்டால் குணகம் 0.58க்குக் குறையவில்லை எனலாம். பிறகு டைல்ஸின் மேல் சிறிது முகப்பவுடரைத் தூவி மீண்டும் செய்யுங்கள். வேறுபாடு வியப்பளிக்கும்.

ரப்பர் மென்மையானது. தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அது அழுந்திப் படிவதால் உண்மையான தொடுபரப்பு மிகுகிறது, பிடிப்பும் மிகுகிறது. தூசி இடையே புகுந்தால் இத்தொடர்பு அறுந்துபோகும். வியர்வை தேங்கினாலும் அப்படியே. ஆகவே துடைத்து வைப்பது அழகுக்காக மட்டுமன்று.

தடிமன் எவ்வளவு? 4 முதல் 6 மி.மீ. போதும். முழங்காலுக்கு அடியில் விரிப்பு அமுங்கும்போது பரப்பு கூடி அழுத்தம் குறைகிறது, வலி தெரிவதில்லை. அதற்காக மெத்தைபோல் தடித்ததை வாங்கினால் விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நிற்க இயலாமல் தள்ளாடுவீர்கள்.

சோப்பு சிறிது கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளைத் துண்டிக்கின்றன. விரிப்பு வெடித்து உதிரத் தொடங்கும். எண்ணெயும் ரப்பருக்குப் பகை. சிலருக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாது. தோல் அரித்தால் பருத்தி விரிப்பே நல்லது. எதுவாயினும் மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை டைல்ஸ் சோதனையைத் திரும்பச் செய்யலாம். தேறாத விரிப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பத்மாசனத்திலும் சவாசனத்திலும் பக்கவாட்டு விசை ஏறக்குறைய இல்லை. அவற்றுக்கு அது இன்னும் பல காலம் உழைக்கும்.