தொழுகையும் மூளையும்

"தொழும்போது உண்டாகும் அமைதி மூளையில் நிகழும் மாற்றம்தான் என்கிறார்களே வாப்பா! அப்படியானால் எல்லாம் வெறும் பிரமையா?" கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் அதட்டி வாயடைக்கக் கூடாது. விடை கூறுவது பெற்றோரின் கடமை.

முதலில் விஞ்ஞானிகள் கண்டது என்ன என்பதை அறிவோம். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 15 கார்மல் சபைக் கன்னியாஸ்திரிகளின் மூளையைப் படக்கருவி மூலம் ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இறைநெருக்கம் நினைத்த மாத்திரத்தில் வருவதன்று. ஆகவே, முன்னர் பெற்ற அனுபவத்தை நினைவில் மீட்குமாறு அவர்களிடம் கூறப்பட்டது. அப்போது மூளையின் பல பகுதிகள் இயங்கின. இறைவனை உணர்வதற்கென்று தனியான ஓர் இடம் காணப்படவில்லை.

மைக்கேல் பெர்சிங்கர் என்பவர், தலையில் மெல்லிய காந்தப்புலத்தைச் செலுத்தினால் அருகில் யாரோ இருப்பதாகத் தோன்றும் என்றார். சுவீடன் நாட்டவர் 89 மாணவர்களிடம் அதைச் சோதித்தனர். காந்தம் இயங்குகிறதா இல்லையா என்பது சோதிப்பவருக்கும் தெரியாது; மாணவருக்கும் தெரியாது. 2005இல் வெளியான முடிவின்படி, அவ்வுணர்வுக்குக் காந்தம் காரணமன்று. எளிதில் வசப்படும் மனப்பாங்கே காரணம்.

இனிச் சிந்தியுங்கள். மகனின் குரலைக் கேட்கும் தாயின் மூளையிலும் மாற்றம் நிகழ்கிறது. அதனால் மகன் பிரமை என்றாகிவிடுமா? கனவில் அவன் குரல் கேட்டாலும் அவள் மூளை இயங்கத்தான் செய்கிறது. எனவே மூளையின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மகன் வாசலில் நிற்கிறான் என்றும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. வாசலுக்குச் சென்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த நியாயம் நமக்கும் பொருந்தும். "தொழுகையை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று மேடைகளில் முழங்குவது சரியன்று. அமெரிக்காவில் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவினர் திபெத்தியப் பௌத்தர்களை ஆராய்ந்து 2001இலும், கன்னியாஸ்திரிகளை ஆராய்ந்து 2003இலும், முஸ்லிம்கள் மூவரை மட்டும் ஆராய்ந்து 2015இலும் முடிவுகளை வெளியிட்டனர். எல்லாரிடத்திலும் மூளையின் இரத்த ஓட்டம் மாறியது. அது நம் மார்க்கத்துக்குச் சான்று என்றால், மற்றவர்களுக்கும் சான்றாகிவிடும். நம் ஈமான் இத்தகைய படங்களின் மீது நிற்கவில்லை.

ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். படக்கருவி தருவது முதல் வகை அறிவே.

மேலும், இன்ப உணர்வு வந்தால்தான் தொழுகை கடமை என்பதில்லை. கண்ணீர் பெருகும் நாளிலும் ஐந்து வேளைதான். மனம் வறண்ட நாளிலும் ஐந்து வேளைதான். தொழுகை தீமையிலிருந்து தடுக்கும் என்பது திருக்குர்ஆன் (29:45) காட்டும் அளவுகோல். நம் நாவும், நம் கடைத் தராசும், அண்டை வீட்டாரிடம் நாம் நடந்துகொள்ளும் முறையும் தொழுகையால் சீர்பட்டனவா? இதை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வோமாக.