ஈயை விரட்டும் தைலங்கள்

அழைப்பின்றி நமது இல்லத்துக்குள் புகுந்து, நாம் உண்ணும் முன்னரே நமது உணவைச் சுவை பார்க்கும் விருந்தாளி ஒன்று உண்டு. அதுவே ஈ. 1758-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் அதற்கு 'மஸ்கா டொமஸ்டிகா' எனப் பெயரிட்டார்.

ஈக்குப் பற்கள் இல்லை. எதையும் மென்று தின்ன அதனால் இயலாது. ஆகவே, தான் முன்னர் உறிஞ்சிய நீரையே உணவின்மேல் கக்கிக் கரைத்து, மீண்டும் உறிஞ்சுகிறது. சற்றுமுன் அது எங்கே அமர்ந்திருந்தது என்று நினைத்தாலே உடல் கூசும். சாணத்திலும் மலத்திலும் மிதித்த கால்களோடு நேரே வந்து, தொட்டிலருகே வைத்த பால்புட்டியின் வாயில் அமர்கிறது. காலரா, சீதபேதி, டைபாய்டு ஆகிய நோய்களின் கிருமிகளை ஈ சுமந்து வரக்கூடும். பெரியவர்கள் வயிற்றுப்போக்கிலிருந்து தேறிவிடுவர். கைக்குழந்தையோ உடலின் நீர் வற்றி ஒரே நாளில் துவண்டுவிடும்.

மருந்தடித்துக் கொன்றுவிடலாமே எனத் தோன்றும். சுவிட்சர்லாந்து நாட்டின் பால் முல்லர் 1939-இல் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து, 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால், பரிசு அவர் கைக்கு வருமுன்னரே ஸ்வீடனிலும் இத்தாலியிலும் அம்மருந்துக்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன! பிழைத்த ஒருசில ஈக்களின் சந்ததி பத்தே நாட்களில் பறக்கத் தொடங்குமானால், அவற்றோடு போட்டியிட்டு நாம் வெல்வது எளிதன்று.

இங்கேதான் தாவரங்கள் நமக்குத் துணை வருகின்றன. ஓடி ஒளிய இயலாத செடி, தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எதிராக இலையிலும் பட்டையிலும் மணமுள்ள எண்ணெயைச் சேர்த்து வைக்கிறது. யூகலிப்டஸ் இலையில் சினியோல், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், கிராம்பில் யூஜினால், மிளகுப்புதினாவில் மென்தால் என ஒவ்வொன்றுக்கும் ஒரு முதன்மைப் பொருள் உண்டு. நீலகிரிப் பகுதியில் இலைகளைக் கொப்பரையில் இட்டு வேகவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துத் தைலம் இறக்குகிறார்கள். நாம் வகுப்பில் படிக்கும் வாலைவடித்தல்தான் இது.

இந்தத் தைலங்களின் ஆவி, ஈயின் உடலோரங்களிலுள்ள மூச்சுத்துளைகள் வழியே உள்ளே செல்கிறது. பூச்சிகளின் நரம்புகளில் செய்தி கடத்த உதவும் 'ஆக்டோபமின்' என்னும் பொருளின் வேலையைச் சில தைலங்கள் குலைத்துவிடுகின்றன. மனித உடலில் அப்பொருளுக்கு அவ்வளவு பெரிய பங்கு இல்லை. தில்லியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் பல தைலங்களை வீட்டு ஈக்களின்மேல் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஈயை விரட்டுவதில் மிளகுப்புதினாத் தைலம் முதலிடமும் யூகலிப்டஸ் தைலம் அடுத்த இடமும் பெற்றன.

நாங்களும் ஒரு சிறு சோதனை செய்தோம். இரு தட்டுகளில் வெல்லத்தூளை வைத்து, ஒன்றைச் சுற்றி மட்டும் யூகலிப்டஸ் தைலம் தோய்த்த பஞ்சை வளையமாக வைத்தோம். முதலில் ஈக்கள் அதை நெருங்காமல் மற்றத் தட்டையே மொய்த்தன. வெயில் ஏறி மணம் குறைந்ததும் இரண்டு தட்டுகளும் அவற்றுக்கு ஒன்றாகிவிட்டன. தைலத்தின் குணமும் குறையும் இதிலேயே அடக்கம். அது விரைந்து ஆவியாவதால்தான் ஈயை எட்டுகிறது. அதனாலேயே நெடுநேரம் நிற்பதுமில்லை.

வீட்டில் பயன்படுத்த விரும்புவோர், எலுமிச்சைப்புல் தைலத்தில் சில சொட்டுகளை முதலில் சோப்புநீரில் கலக்கி, பிறகு தரை துடைக்கும் வாளியில் ஊற்றவேண்டும். வெறும் நீரில் விட்டால் எண்ணெய் மேலே மிதக்குமேயன்றிக் கலவாது. எரியும் அடுப்பின் அருகே தெளித்தல் கூடாது, எளிதில் தீப்பற்றும். செடியிலிருந்து வந்தது தானே என்று தாய்மார்கள் அசட்டையாக இருத்தலும் ஆகாது. யூகலிப்டஸ் தைலத்தைச் சிறு குழந்தை ஒரு தேக்கரண்டி அளவு விழுங்கினாலும் வலிப்பும் மயக்கமும் வரலாம். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மூடி இறுக்கி வைக்கவேண்டும்.

இவ்வளவு சொன்ன பின்னும், தைலத்தை நாங்கள் வாயிற்காவலனாக மட்டுமே மதிக்கிறோம். ஈ பிறப்பது குப்பையில். ஒரு பெண் ஈ ஒரே தடவையில் நூற்றைம்பது முட்டைகள்வரை இடும். வெப்பநாட்களில் அவை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழு கூட்டுப்புழுவாக மாறச் சில நாட்களாவது ஆகும். ஆகவே வாரம் இருமுறை குப்பைத்தொட்டியை அடியோடு காலிசெய்து, கழுவிக் காயவைத்தால் ஈ பறக்க வழியே இராது. வளர்ந்த புழுக்கள் ஈரக்குப்பையை விட்டு நகர்ந்து, அருகிலுள்ள உலர்ந்த மண்ணில் புதைந்தே கூட்டுப்புழுவாகின்றன. எனவே தொட்டியைச் சுற்றியுள்ள மண்ணையும் கிளறிப் பெருக்குதல் வேண்டும்.