மனச்சோர்வு: முதலில் யாரிடம் போவது?

ஈப்போ புந்தோங்கில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால், வீட்டில் முதலில் எழும் பயம் “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களோ” என்பதுதான். 1911இல் அங்கே தொடங்கிய பஹாகியா உலு கிந்தா மனநல மருத்துவமனையை இன்னமும் வசையாகவே சொல்கிறோம். ஆனால் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வார்டில் படுப்பதே இல்லை. மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. 2019இல் 2.3தான்.

நான் முதலில் சொல்வது அரசாங்க கிளினிக்கைத்தான். குடிமக்களுக்கு 1 வெள்ளி. வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள். டாக்டர் 9 கேள்விகள் உள்ள தாளை நீட்டலாம்: கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்தால் தேவலை என்று தோன்றியதா. நம்மவர்கள் தலைவலி, படபடப்பு, கைகால் அசதி என்று சொல்லிவிட்டு அந்தக் கடைசிக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தமும் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அங்கே 5 வெள்ளி.

தனியார் மனநல மருத்துவரிடம் காத்திருப்பு குறைவு, பேச நேரம் அதிகம். ஆனால் முதல் நாள் பில்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரமாகும். தேறிய பிறகும் 6 மாதமாவது சாப்பிட வேண்டும். அத்தனை மாதத்துக்கும் கையில் காசு இருக்குமா என்று பாருங்கள். பாதியில் நிறுத்துவதைவிட 5 வெள்ளி வரிசை மேல்.

சோர்வு லேசானது என்றால் மாத்திரையே இல்லாமல் ஆலோசகரிடம் பேசியே பலர் தேறுகிறார்கள். ஆலோசகர் மருந்து எழுத முடியாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா, தமிழில் பேசுவாரா, இரண்டையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். பெற்ற பிள்ளை முன்னால் எந்த அம்மா சாவைப் பற்றிப் பேசுவாள்?

கோயிலுக்குப் போவதை எந்த டாக்டரும் தடுப்பதில்லை. செய்வினை எடுக்கிறேன் என்று நூறு நூறாக வாங்கி, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரை மட்டும் விட்டு விலகுங்கள்.

“செத்துப்போகணும்” என்ற பேச்சு வந்துவிட்டால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள களைக்கொல்லியையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 999க்கு அழையுங்கள். மனம்விட்டுப் பேச 15555 என்ற ஹீல் உதவி எண்ணும் ஈப்போவிலேயே பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் உண்டு. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தயங்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இலேயே நீக்கப்பட்டுவிட்டது.