வக்கீல் வைக்கும் முன்...

சேலம் அஸ்தம்பட்டிக்கோ நாமக்கல்லுக்கோ கோர்ட் வேலையாகப் போகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்.

• நடந்ததைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். பத்திரம், பட்டா, நோட்டீஸ் நகல்களை அதே வரிசையில் அடுக்குங்கள். மூலப்பத்திரத்தைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

• வக்காலத்தைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் வேண்டவே வேண்டாம்.

• வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், இதரச் செலவு மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். ‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்ற ஏற்பாட்டுக்கு பார் கவுன்சில் விதிகளில் இடமில்லை.

• பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். உதவி எண்: 15100.

• லோக் அதாலத்தில் வழக்கு சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால், மேல்முறையீடு கிடையாது, யோசித்துச் சம்மதியுங்கள்.